மாலத்தீவா, மொரிஷியஸா, செஷல்ஸா? வேலைக்குக் கிளம்பும் டெல்டா பிள்ளைகளுக்கு ஓர் ஒப்பீடு

நீடாமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன் போன மாதம் வீட்டுக்கு வந்தான். ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன், திருப்பூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தவன். கையில் மூன்று ஆஃபர் லெட்டர். மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டில் பராமரிப்பு வேலை, மொரிஷியஸில் ஒரு துணி ஆலை, செஷல்ஸில் ஒரு கட்டுமானக் கம்பெனி. இந்திய ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் மூன்று சம்பளமும் ஏறக்குறைய ஒன்றுதான். "எதுக்குப் போகலாம், மாமா?" என்றான்.

இதே கேள்வியை இந்த வருஷம் என்னிடம் கேட்ட நாலாவது ஆள் அவன். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்றால் விசாரிக்க நம் பக்கம் தெருவுக்கு ஓர் ஆள் உண்டு. கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் வீட்டுக்கு ஓர் ஆள். இந்தச் சின்னத் தீவு நாடுகளைப் பற்றிக் கேட்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. நான் 2013 முதல் 2020 வரை மாலத்தீவின் தலைநகர் மாலேயில் எலக்ட்ரிகல் வேலை பார்த்தேன். மற்ற இரண்டு நாடுகளிலும் என்னோடு வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள், இன்றும் போனில் பேசுகிறேன். அதை வைத்து எழுதுகிறேன்.

சம்பளத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது

நம் ஊரில் கடைமடை விவசாயியிடம் எவ்வளவு நிலம் இருக்கிறது என்று கேட்பதைவிட, தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து எத்தனையாவது முறையில் வருகிறது என்று கேட்டால்தான் அவர் நிலைமை புரியும். சின்னத் தீவு நாடும் ஒரு கடைமடைதான். அரிசி வெளியிலிருந்து வருகிறது, டீசல் வெளியிலிருந்து வருகிறது, டாலர் வெளியிலிருந்து வருகிறது. மேலே எங்கோ ஷட்டரை இறக்கினால் முதலில் காய்வது அங்கே. அந்த நாட்டில் முதலில் காய்வது வெளிநாட்டுத் தொழிலாளி.

அதனால் ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து கேள்வி கேளுங்கள். குடிதண்ணீரும் சோறும் கரண்டும் எங்கிருந்து வருகின்றன? அந்த நாட்டுக்கு வருமானம் ஒரே வாய்க்காலில் வருகிறதா, பல வாய்க்காலிலா? சம்பளம் எந்தப் பணத்தில், அதை ஊருக்கு அனுப்ப முடியுமா? தங்குமிடமும் காகிதங்களும் யார் கையில்? வீட்டில் ஒன்று என்றால் எத்தனை நாளில் வந்து சேரலாம்?

முதலில் ஒரு பார்வைக்கு:

| | மாலத்தீவு | மொரிஷியஸ் | செஷல்ஸ் |
|---|---|---|---|
| நிலப்பரப்பு | சுமார் 300 ச.கி.மீ. (காரைக்கால் மாவட்டம்போல் இரண்டு) | 2,040 ச.கி.மீ. (திருவாரூர் மாவட்டத்தைவிடச் சற்றுக் குறைவு) | சுமார் 455 ச.கி.மீ. (காரைக்கால்போல் மூன்று) |
| மக்கள் | சுமார் 5 லட்சம், வெளிநாட்டவர் உட்பட | சுமார் 12.5 லட்சம் | 1 லட்சத்தை ஒட்டி |
| நிலம் | பவளத் தீவுகள், கடலுக்கு மேல் சராசரி ஒன்றரை மீட்டர் | எரிமலைத் தீவு, மலையும் கரும்பு வயலும் | கருங்கல் மலைத் தீவுகள், பவளத் தீவுகள் |
| குடிநீர் | கடல்நீரைச் சுத்திகரித்து, மழைநீர் | மழை, ஆறு, நீர்த்தேக்கம் | ஓடை, நீர்த்தேக்கம், கடல்நீர் சுத்திகரிப்பு |
| வருமானம் | சுற்றுலா, பிறகு சூரை மீன் | துணி ஆலை, சுற்றுலா, நிதித் துறை, சர்க்கரை | சுற்றுலா, சூரை மீன் டின் |
| நாணயம் | ருஃபியா, டாலருக்குக் கட்டியது | ரூபாய், சந்தை விலை | ரூபாய், சந்தை விலை |
| புயல் | அரிது | உண்டு | முக்கியத் தீவான மாஹேயில் அரிது |

திருவாரூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 12.64 லட்சம். ஆக, மொரிஷியஸ் என்பது பரப்பிலும் ஆளிலும் ஏறத்தாழ நம் திருவாரூர் மாவட்டம், தனிக் கொடியோடும் தனிப் பணத்தோடும். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் புரியும்.

மாலத்தீவு

ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் "முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்" என்று வருமே, அது இந்தத் தீவுக்கூட்டம்தான் என்று வரலாற்றறிஞர்கள் சொல்கிறார்கள். இன்றைய கணக்கில் 1,192 தீவுகள், அதில் மக்கள் வாழ்பவை 200-க்கும் குறைவு. ஆறு கிடையாது, ஏரி கிடையாது, மலை கிடையாது. மண்ணுக்கடியில் மெல்லிய ஏடாக நன்னீர் இருக்கும், கொஞ்சம் அதிகம் இறைத்தால் உப்பு ஏறிவிடும். வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

2014 டிசம்பர் 4 அன்று மாலேயின் குடிநீர் ஆலையில் தீப்பிடித்தது. ஊர் முழுக்க ஒரே ஆலை. குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. இந்திய விமானப்படை விமானங்கள் தண்ணீர் கொண்டுவந்து இறக்கின, கொச்சிக்கு அப்பால் ரோந்தில் இருந்த நம் கடற்படையின் சுகன்யா கப்பல் வந்தது. பாட்டில் தண்ணீர் கொடுக்கும் இடத்தில் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் அடையாள அட்டை கேட்டார்கள். என் அட்டையும் பாஸ்போர்ட்டும் நான் வேலை பார்த்த கம்பெனி அலுவலகத்துப் பீரோவில் இருந்தன. "பத்திரமாக இருக்கட்டும்" என்று சேர்ந்த முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெறும் கையோடு அறைக்குத் திரும்பினேன். பக்கத்து அறை வங்காளதேசத்து அண்ணன் ஒருவர் தன் பாட்டிலில் பாதியை என் குவளையில் ஊற்றினார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, காகிதங்களை அடுத்தவன் பீரோவில் வைக்காதே என்பதுதான்.

வருமானம் இங்கே ஒரே வாய்க்கால். 1972-ல் சுற்றுலா தொடங்கியது, 2024-ல் 20 லட்சம் பயணிகளுக்கு மேல் வந்தார்கள். ஓடும் வரை நன்றாகவே ஓடும். 2020 மார்ச்சில் எல்லையை மூடியபோது அந்த ஆண்டின் பொருளாதாரமே மூன்றில் ஒரு பங்கு சுருங்கியது. எங்களுக்கு ஏப்ரலில் பாதிச் சம்பளம், மே மாதம் அதுவும் இல்லை. ஜூனில் நம் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் ஏற்றிக்கொண்டுவந்து தூத்துக்குடியில் இறக்கியது. பாக்கிச் சம்பளம் இன்றுவரை வரவில்லை.

அப்புறம் டாலர் கணக்கு. இதை நிதானமாகப் படியுங்கள், பலரும் ஏமாறும் இடம் இதுதான். ருஃபியாவுக்கு அரசு வைத்த உச்ச விலை ஒரு டாலருக்கு 15.42. 2011-லிருந்து இதே கணக்கு. ஆனால் அந்த விலைக்கு பேங்கில் தாராளமாக டாலர் கிடைக்காது. ஊருக்கு அனுப்பவும் வரம்பு வைப்பார்கள். பேச்சுக்கு உங்கள் சம்பளம் 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி ருஃபியாவில் கொடுத்தால் 7,710 வரும். அதை வெளியில் டாலராக்கும்போது விலை 19 என்று வையுங்கள், கையில் நிற்பது 406 டாலர்தான். மாதம் 94 டாலர் யாருக்கும் தெரியாமல் கரைகிறது. ஆகவே ஒப்பந்தத்தில் "சம்பளம் அமெரிக்க டாலரில் வழங்கப்படும்" என்ற வரி இருக்க வேண்டும். சம்பளம் டாலரில் "கணக்கிடப்படும்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேறு அர்த்தம்.

தங்குமிடத்தில் ரிசார்ட்டும் மாலே நகரமும் வேறு வேறு உலகம். ரிசார்ட்டில் சாப்பாடும் படுக்கையும் அவர்களே கொடுப்பார்கள், செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாடிக்கையாளரிடம் வாங்கும் 10 சதவீத சர்வீஸ் சார்ஜில் ஊழியருக்குப் பங்கு உண்டு, சீசனுக்குத் தகுந்தபடி அது ஏறும், இறங்கும். மாலேயில் அப்படியில்லை. ஒரு சின்ன அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். 2022 நவம்பரில் வாகனப் பட்டறைக்கு மேலே இருந்த தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து 10 பேர் இறந்தார்கள், அதில் பலர் இந்தியர்கள். நகரத்து வேலை என்றால் அறையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஜன்னல் எத்தனை, வெளியேறும் வழி எத்தனை என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அங்கே இஸ்லாம் அரச மதம், வேறு மத வழிபாட்டைப் பொதுவில் நடத்த முடியாது. சாமி சிலையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். அம்மா ஆசையாகக் கொடுத்த சின்னப் பிள்ளையாரைப் பறிகொடுத்துவிட்டு ஒரு பையன் என் அறையில் வந்து அழுதிருக்கிறான். முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்த வேதனை இல்லை.

இவ்வளவுக்கும் பிறகு இந்த நாட்டின் பெரிய பலம் ஒன்று உண்டு. ஒவ்வொரு ரிசார்ட் தீவும் தனி ஊர். அதற்கென்று சொந்த ஜெனரேட்டர், சொந்தக் கடல்நீர் சுத்திகரிப்பு, சொந்தக் கழிவுநீர் நிலையம். எலக்ட்ரீஷியனாகவோ பிளம்பராகவோ போகிறவன் இரண்டு வருஷத்தில் கற்றுக்கொள்வதை நம் ஊர் ஆலையில் பத்து வருஷம் இருந்தாலும் கற்க முடியாது. ஊருக்கு வரும் தூரமும் குறைவு, திருவனந்தபுரத்துக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போல. ஆனால் அது மாலேயிலிருந்து. தூரத்து அட்டோலில் (பவளத் தீவுக் கூட்டத்தில்) இருந்தால் பல ரிசார்ட்டுகளிலிருந்து கடல் விமானத்தில்தான் மாலேக்கு வர வேண்டும், அது பகலில் மட்டுமே பறக்கும். சாயங்காலம் வீட்டிலிருந்து துக்கச் செய்தி வந்தால் அந்த இரவு முழுக்க அங்கேயேதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மொரிஷியஸ்

எரிமலைத் தீவு என்பதால் இங்கே மண் இருக்கிறது, மலை இருக்கிறது, மழை பிடித்துவைக்க நீர்த்தேக்கம் இருக்கிறது. குடிநீருக்கு ஒரே ஆலையை நம்பி நிற்க வேண்டிய நிலை இல்லை. கரும்புதான் பழைய உயிர்நாடி. 1834-லிருந்து கூலி ஒப்பந்தத்தில் கப்பல் ஏற்றி இந்தியர்களைக் கொண்டுபோனதும் அந்தக் கரும்புக்காகத்தான், அதில் தமிழர்களும் ஏராளம். ஐரோப்பா நல்ல விலை கொடுத்து வாங்கிவந்த சர்க்கரை ஒப்பந்தம் 2009-ல் முடிந்துபோனது. நம் பக்கத்தில் சர்க்கரை ஆலை மூடினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். அவர்கள் அதற்கு முன்பே, 1970-லிருந்து ஏற்றுமதித் துணி ஆலைகளை வளர்த்து வைத்திருந்தார்கள், பிறகு சுற்றுலா, அதன்பின் நிதித் துறை. கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுத்து கிரிட்டுக்குக் கொடுக்கிறார்கள். வாய்க்கால் பல. ஒன்று வற்றினாலும் நாடு அப்படியே நின்றுவிடுவதில்லை, சம்பளமும் அப்படியே நின்றுவிடுவதில்லை. எனக்கு இந்த நாட்டின் மேல் உள்ள நம்பிக்கைக்குக் காரணம் இதுதான்.

2018 ஜனவரியில் அங்கே தேசிய குறைந்தபட்ச ஊதியம் வந்தது. அது வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். ஆகவே ஆஃபரில் இருக்கும் அடிப்படைச் சம்பளத்தை அந்த ஆண்டின் குறைந்தபட்ச ஊதியத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்குக் கீழே இருந்தால் அந்தக் காகிதமே சந்தேகத்துக்குரியது.

மறைந்திருக்கும் செலவு இங்கே ஓவர்டைமில். துணி ஆலை ஆஃபரில் எழுதும் பெரிய தொகையில் பாதி ஓவர்டைமாக இருக்கும். ஆர்டர் குறைந்த மாதம் அடிப்படைச் சம்பளம்தான் கைக்கு வரும். என் நண்பர் ஒருவர் வீட்டுக் கடனுக்கான தவணையை ஓவர்டைமை நம்பிக் கணக்குப் போட்டுவிட்டு, நாலு மாதம் ரொம்பச் சிரமப்பட்டார். அடிப்படைச் சம்பளத்தில் கடன் அடையுமா என்று மட்டும் கணக்குப் போடுங்கள்.

புயல் உண்டு. 1 முதல் 4 வரை எச்சரிக்கை வகுப்பு அறிவிப்பார்கள், மூன்றாம் வகுப்பு வந்துவிட்டால் ஊரே வீட்டுக்குள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயியில் கார்கள் வெள்ளத்தில் மிதந்தன. கஜாவைப் பார்த்த நமக்கு இது பயமுறுத்தும் விஷயமில்லை, ஆனால் தகரக் கூரை விடுதியா கான்கிரீட் விடுதியா என்று கேட்டுவைப்பது நல்லது.

தமிழைப் பற்றியும் கேட்பார்கள். அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும், தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை. கோயில் வாசலில் நிற்கும்போது நம் ஊர்போலவே இருக்கும். ஆனால் காவடி எடுக்கும் அந்த மனிதர் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து பிறந்த அந்த ஊர் மொழி. பெயர் தமிழ்ப் பெயர், பேச்சு வராது. தமிழ் பேசிப் பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், முதல் ஆறு மாதத்தில் கிரியோல் கொஞ்சம் கற்றுக்கொண்டால் போதும். மூன்று நாடுகளில் நம்மை ஒரு மாதிரி உறவாகப் பார்க்கும் ஊர் இதுதான் என்று போனவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

செஷல்ஸ்

115 தீவுகள், ஆனால் ஏறத்தாழ எல்லாமே மாஹே தீவில்தான் நடக்கிறது. அது 157 சதுர கிலோமீட்டர், நம் காரைக்கால் மாவட்டம் அளவு. நடுவில் 905 மீட்டர் மலை. 1746-ல் சென்னைக் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி மாஹே தெ லாபூர்தொன்னேயின் பெயர்தான் அந்தத் தீவுக்கு. தலைநகர் விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, தமிழ் வணிகர்கள் பல காலமாக இருக்கிறார்கள். தமிழ் பேசியே மளிகை வாங்கலாம்.

மூன்றில் இதுதான் பணக்கார நாடு, அதனால்தான் இங்கே எச்சரிக்கை அதிகம் வேண்டும். சாப்பாட்டுப் பொருள் பெரும்பாலும் இறக்குமதி. 2023-ல் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தபோது, சில நாடுகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார்கள், அதில் செஷல்ஸுக்கு 800 டன் அனுமதித்தார்கள். நம் ஊர்க் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ மூட்டை நாளுக்கு ஆயிரம் பிடித்தால், ஒரு மாத நெல்லை அரைத்தால் வரும் அரிசி அது. ஒரு நாடு அதற்கு அனுமதி கேட்டுக் காத்திருந்தது. இப்படிப்பட்ட ஊரில் காய்கறி, முட்டை, பால் என்ன விலை விற்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தில் சாப்பாடு கம்பெனி பொறுப்பு என்று இல்லாவிட்டால், சம்பளம் எவ்வளவு என்றாலும் நான் போகச் சொல்ல மாட்டேன்.

நாணயமும் ஒரு முறை சரிந்திருக்கிறது. 2008-ல் வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நின்று, நவம்பரில் ரூபாயைச் சந்தை விலைக்கு விட்டார்கள். கொரோனா சமயத்தில் மறுபடி இறங்கியது. ஒன்று, மாலத்தீவுபோல இரட்டை விலைத் தொல்லை இல்லை, பேங்க் விலையே உண்மையான விலை. கட்டுமான வேலையில் ஒரு சங்கடம் என்னவென்றால், ப்ராஜெக்ட் முடிந்தால் வேலை முடிந்தது. வேலை அனுமதி முதலாளியின் பெயரில் வருவதால் பக்கத்துக் கம்பெனிக்கு அப்படியே தாவவும் முடியாது. ஹோட்டலிலோ மீன் ஆலையிலோ நிரந்தர இடம் என்றால் அது வேறு கதை.

மூன்றுக்கும் பொதுவான பள்ளம்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சுற்றுலாவாகப் போக இந்த மூன்று நாடுகளுக்கும் முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம். ஏஜென்ட்டுக்கு இது பெரிய வசதி. "போய் இறங்கு, அங்கே மாத்திக்கலாம்" என்பார். மாற்ற முடியாது. சுற்றுலா அனுமதியில் வேலை செய்வது மூன்று இடத்திலும் குற்றம். வேலை அனுமதிக் காகிதம் கைக்கு வராமல் விமானம் ஏறாதீர்கள்.

பத்தாவது படிக்காதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வு அனுமதி கேட்கும் 18 நாடுகள் பட்டியலில் சவூதி, குவைத், மலேசியா எல்லாம் உண்டு, இந்த மூன்று நாடுகளும் இல்லை. அதாவது அரசு அதிகாரி யாரும் உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமலேயே நீங்கள் கிளம்பிவிடலாம். பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். ஏஜென்ட்டின் பதிவு எண்ணை இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. அதற்கு மேல் கேட்பது சட்டப்படி தப்பு.

நம் பக்கம் ஒன்றரை லட்சம் கொடுத்துப் போகிறார்கள், அதுவும் மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கி. மாதம் 4,500 வட்டி மட்டும். கஜாவில் தென்னை விழுந்த வீடுகளில் இப்படிக் கடன் வாங்கிப் போன பிள்ளைகளை எனக்குத் தெரியும். இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் முதல் வருஷம் முழுக்க வட்டிக்கும் அசலுக்கும் போய்விடும். எந்த நாடு என்று யோசிக்கும் நேரத்தில் பாதியை இந்தக் கணக்குக்குக் கொடுங்கள்.

யாருக்கு எது

கைத்தொழில் தெரிந்து, தனியாக இருந்து பழகியவர், டாலர் சம்பளம் எழுத்தில் கிடைக்கிறது, ரிசார்ட்டில்தான் வேலை என்றால் மாலத்தீவு நல்லது. சேமிப்பும் அதிகம், கற்பதும் அதிகம். மாலே நகரத்தில் சிறு கம்பெனி, ருஃபியா சம்பளம் என்றால் வேண்டாம்.

வீட்டில் மாதாமாதம் கட்ட வேண்டிய கடன் இருக்கிறது, சம்பளம் தவறக் கூடாது என்பவருக்கு மொரிஷியஸ். முதல் முறை வெளிநாடு போகிறவருக்கும், பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை.

அனுபவமுள்ள சமையல்காரர், ஏ.சி. மெக்கானிக், கணக்கு எழுதுபவர் போன்றவர்களுக்குச் செஷல்ஸ் சரிப்படும், சாப்பாடும் தங்குமிடமும் ஒப்பந்தத்தில் இருக்கும்பட்சத்தில்.

நீடாமங்கலத்துப் பையனுக்கு அப்பாவின் ஆபரேஷன் கடன் இருக்கிறது, தங்கை கல்லூரியில் படிக்கிறாள். ஆனாலும் அவனுக்கு மனசு ரிசார்ட் பக்கம்தான், ஜெனரேட்டர் வேலை கற்க வேண்டும் என்ற ஆசை. நான் அவன் ஆசையைக் குறை சொல்லவில்லை. ரிசார்ட்டுக்கு மூன்று கேள்வி எழுதி மெயில் அனுப்பச் சொன்னேன்: சம்பளம் டாலரில் கையில் வருமா, பாஸ்போர்ட் என்னிடமே இருக்குமா, விமானம் ஏறுவதற்கு முன் வேலை அனுமதி வருமா. முதல் கேள்விக்கும் மூன்றாவதற்கும் இரண்டே நாளில் சரி என்று பதில் வந்தது. இரண்டாவதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. மறுபடி எழுதியிருக்கிறான். வருகிற வெள்ளிக்கிழமை வரை பார்த்துவிட்டு, பதில் வராவிட்டால் மொரிஷியஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது என்று முடிவு.